நீலம் வாங்காத ஓவியன்

என் கணவர் லாப்போவுக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவன். எனக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். ஃபுளோரன்ஸில் இத்தனை வருடமாக எங்கள் மருந்துக்கடை மூழ்காமல் ஓடுவதற்கு அவருடைய நல்ல மனசுதான் காரணம் என்று தெருவே நம்புகிறது. நம்பட்டும், எனக்கென்ன.

மருந்துக்கடை என்றாலும் மருந்து மட்டும் விற்பதில்லை. மிளகு, மெழுகு, கஷாயச் சரக்கு, அதோடு ஓவியர்களுக்கு வேண்டிய சாயப் பொடிகள் எல்லாம் எங்களிடம்தான். அதனால் ஊரில் எந்தச் சுவரில் என்ன படம் வரப்போகிறது என்பது பாதிரியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தங்கத்தாள் வாங்கினால் பலிபீடம். நீலம் வாங்கினால் மாதா. முகத்துக்குப் பூசும் அரிசிப்பொடி வாங்கினால் ஓவியனின் பெண்டாட்டிக்கு.

என் அண்ணன் பால்டோ என்னைவிட ஒரு வயது மூத்தவன். சின்ன வயதில் எங்களை இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்காதவர்கள் கிடையாது. என் தலைத்துணியை அவன் கட்டிக்கொண்டு வந்து நின்றால் எங்கள் அப்பாவே ஏமாந்து, போய்த் தண்ணீர் எடுத்து வா என்பார். மீசை முளைக்கும் முன்பே படையில் சேர்ந்து போய்விட்டான். அப்புறம் ஊரில் வந்து தங்கியதே இல்லை. கடைசியாக எங்கள் ஊருக்குச் சொந்தமான மோந்தெருச்சோ என்ற மலைக்கோட்டைக்குக் காவல் தலைவனாக இருந்தான். எதிரி ஊரான மிலானின் படை வந்து கோட்டையைச் சுற்றிக்கொண்டது. ஈஸ்டர் கழிந்து செய்தி வந்தது, பால்டோ கதவைத் திறந்துவிட்டான் என்று. கிணறு வற்றிவிட்டது, உள்ளே பெண்டு பிள்ளைகள் இருந்தார்கள், வேறு என்ன செய்வான் என்றார்கள் சிலர். மிலான்காரனிடம் கை நீட்டிவிட்டான் என்றார்கள் பலர். அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்தாய், சரி. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரை ஆளும் சபை தாமதிக்காமல் தீர்ப்புச் சொன்னது. கைக்குக் கிடைக்காத துரோகிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தண்டனை உண்டு. சபை மாளிகையின் வெளிச்சுவரில், அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல ஆளுயரத்துக்கு வரைந்து வைப்பார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் காறித் துப்புவான்.

எங்கள் தாத்தா காலத்தில் இதற்கு யாரும் பெரிதாகப் பயந்ததில்லை. அன்றைய ஓவியர்களுக்குத் தெரிந்தது ஒரே முகம். மாதாவுக்கும் அதுதான், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் அதுதான், முட்டையில் கண் வைத்த மாதிரி. கீழே பெயர் எழுதினால்தான் ஆள் யாரென்று தெரியும். நாலு மழையில் பெயர் கரைந்தால் விவகாரமும் கரைந்தது. இப்போது அப்படியா? இந்தப் புது ஓவியர்கள் எலும்பையும் நரம்பையும் பார்த்துப் பார்த்துப் படித்து வைத்திருக்கிறார்கள். சுவரில் இருப்பவன் மூச்சு விடுகிறான். ஊரே இந்தக் கலையைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. என்னால்தான் கொண்டாட முடியவில்லை. பால்டோவின் முகம் என் முகம். என் முகம்தான் என் மகள் கோஸ்தான்சாவுக்கு அப்படியே வந்திருக்கிறது. அவளுக்குப் புனித யோவான் திருநாளில் மோதிரம் மாற்றுவதாகப் பேசி முடித்திருந்தோம்.

மாப்பிள்ளையின் அப்பா மெசேர் அர்ரிகோ கம்பளி வியாபாரி. வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்போம். அவர் கிரேக்கம் படிக்கிறார். தாடி வைத்த பண்டிதர்கள் கடல் கடந்து வந்து இந்த ஊரில் பாடம் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து, காசு இருக்கிறவன் எல்லாம் புத்தகமும் கையுமாகத் திரிகிறான். தீர்ப்பு வந்த மறுநாளே கடைக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தியம்மா, கெட்ட பேரைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. எல்லாக் குடும்பத்துலயும் இப்படி ஒருத்தன் இருப்பான். எங்க சித்தப்பாவே கடல்கொள்ளைக்காரனாப் போனவர்தான்."

"அப்புறம் என்ன யோசனை?"

"முகம்தான். பழைய கிரேக்கப் பண்டிதருங்க தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. நெத்தி, மூக்கு, தாடை, மனுஷனோட குணம் பூரா அதுலதான் இருக்கு. மாமன் முகம் மருமகளுக்கு வந்திருந்தா குணமும் சேர்ந்துதானே வந்திருக்கும்? அப்புறம் அது எங்க பேரப்பிள்ளைங்களுக்கு வரும்."

"உங்க பையனுக்கு உங்க மூக்குதான் வந்திருக்கு. நான் ஏதாவது கேட்டேனா?"

லாப்போ பலமாக இருமினார். மெசேர் அர்ரிகோ மூக்கைத் தடவிக்கொண்டார்.

"எங்கண்ணன் அப்பா ஜாடை. நான் அம்மா ஜாடை," என்றேன். சத்தியம் செய்கிற குரலில் சொன்னேன்.

"அப்படின்னா சந்தோஷம். படம் முடியட்டும், பார்த்துட்டு மோதிரம் மாத்திக்கலாம்," என்று போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

சபைச் சுவரை மறைத்துப் பலகை அடித்தார்கள். உள்ளே எவன் வரைகிறான் என்று சபை வெளியே சொல்லாது. சொன்னால் அவனுக்குத் 'தொங்கவிடுகிறவன்' என்ற பட்டப்பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த மடமும் கல்யாண வீடும் அவனைக் கூப்பிடாது. பிணம் சுமக்கும் சங்கத்தார் போட்டுக்கொள்வது போன்ற கண் மட்டும் தெரியும் கறுப்பு அங்கியில் ஒருவன் காலையில் பலகைக்குள் போவான், சாயங்காலம் வெளியே வருவான். என்னைப் பிடித்துக்கொண்டது ஒரே கேள்விதான். பால்டோவின் முகம் இந்த ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. பிறகு எதைப் பார்த்து வரைவான்?

அந்த வாரம்தான் நூத்தோ வந்தான்.

நூத்தோ எங்கள் பழைய வாடிக்கை. மலைப்பக்கத்துக்காரன், பேச்சில் இன்னும் அந்த இழுவை போகவில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. ஜாடை பிடிப்பதில் ஊரில் அவனை அடிக்க ஆளில்லை. செத்துப்போன நீதிபதி ஒருவரை அவன் வரைந்திருந்ததைப் பார்த்து, கோயிலுக்குள்ளேயே கடன்காரன் ஒருவன் ஓடி ஒளிந்தானாம்.

"அண்ணே, மஞ்சக்காவி, செங்காவி, பச்சைமண்ணு, கரி, சுண்ணாம்பு வெள்ளை," என்று லாப்போவிடம் அடுக்கினான். பிறகு கடையின் பின்பக்கம் உரல் இடித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு உதவி. மடத்துல புனித எலிசபெத் வரையறேன். வயசு ஆகியும் களையான முகமா வேணும். உங்களைத்தான் நினைச்சேன்."

லாப்போவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டியாடி! கோயில் சுவத்துல நீ!"

நான் உலக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "நீலம் வாங்கலையே நூத்தோ?"

"அது... அப்புறமா வாங்கிக்கறேன்க்கா."

"எலிசபெத்துக்கு அங்கி என்ன நிறம்? கரியா?"

"மடத்துல காசு இன்னும் வரல."

நான் தலைத்துணியை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டேன். அவன் வாங்கியது அத்தனையும் மண்சாயம். வெயிலுக்கும் மழைக்கும் வெளிச்சுவரில் நிற்கக்கூடிய சரக்கு. நீலம் இல்லாமல் ஒரு புனிதையை இந்த ஊரில் எவனும் தொடங்கியதில்லை. அதோடு அவன் பார்த்த பார்வை, மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

அவன் போனதும் லாப்போ என்னைக் கடிந்துகொண்டார். "உனக்கு வானத்துலேருந்து சம்மனசு வந்து நின்னாலும் றெக்கை ஒட்டவெச்சதான்னு இழுத்துப் பார்ப்பே."

"பார்ப்பேன். ஒட்டவெச்ச றெக்கை நம்ம கடையிலதான் விக்குது."

மறுநாள் மெழுகு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் மடத்துக்குப் போனேன். நூத்தோ சொன்ன சுவர் மொட்டையாக நின்றது. கீழே கன்னியர்கள் வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள். "அறுவடை முடிஞ்சுதான் வேலை ஆரம்பிக்கும்மா," என்றாள் மடத்துத் தலைவி. திரும்பி வரும்போது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருபது வருடம் எங்கள் கடையில் சரக்கு வாங்கியவன், என் முகத்தைத் திருடிக் கொண்டுபோய் என் அண்ணனாகத் தொங்கவிடப் போகிறான். நாளைக்கு என் மகள் சந்தைக்குப் போனால் நாலு பேர் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மெசேர் அர்ரிகோ புத்தகத்தை விரித்துக்கொண்டு நிற்பார். அதன்பிறகு எந்த வீட்டிலும் அவளுக்கு இடம் கிடையாது, மடத்தைத் தவிர.

அன்றிலிருந்து கோஸ்தான்சாவை வாசல் பக்கமே விடவில்லை. ஜன்னலுக்குப் போனாலும் அதட்டினேன். நானும் துணியை மூக்குக்கு மேல் ஏற்றவில்லை. ரொட்டி தின்னும்போதுகூட எடுக்காததைப் பார்த்துவிட்டு, மூக்கில் கட்டி ஏதாவது வந்துவிட்டதா என்று கேட்டார் லாப்போ.

நூத்தோ மறுபடி வந்தான். லாப்போ கிடங்கில் இருந்தார். அவன் நகக்கண்ணில் ஈரச் சுண்ணாம்பு இருந்தது.

"மடத்துச் சுவர்ல வெங்காயம் நல்லாக் காயுதுப்பா," என்றேன்.

அவன் மறுக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அக்கா, ஒரே ஒரு தடவை அந்தத் துணியை எடுங்க. நல்லா வெளிச்சத்துல ஒரு பார்வை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லதுக்குன்னு சொல்றவனைத்தான் முதல்ல வெளியில தள்ளணும். போடா!"

"அக்கா, சொல்றதைக் கொஞ்சம்..."

கையில் இருந்த மிளகுக் கிண்ணத்தை வீசினேன். அவன் தும்மிக்கொண்டே ஓடினான். என் கலக்கத்தில் மிளகு விலைகூட நினைவுக்கு வரவில்லை.

திருநாளுக்குச் சில நாள் முன்னால் பலகையைப் பிரித்தார்கள். சதுக்கத்தில் நிற்க இடமில்லை. ஒருவன் வறுத்த பயறுகூட விற்றுக்கொண்டிருந்தான். மெசேர் அர்ரிகோ எங்களை வரச்சொல்லி, கோஸ்தான்சாவையும் அழைத்து வரும்படி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் நூத்தோ நின்றுகொண்டிருந்தான். பல்வலி என்று தாடையிலிருந்து நெற்றி வரை துணி சுற்றியிருந்தான். தொப்பி கண்ணை மறைத்தது.

"என்னப்பா நூத்தோ, உனக்குப் பல்வலி, சுவத்துல தொங்கறவனுக்குக் கால்வலி," என்று மெசேர் அர்ரிகோ சிரித்தார்.

எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கோஸ்தான்சா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு பார்த்தேன்.

கயிறு, கால், கவிழ்ந்து விழும் சட்டை, தொங்கும் கைகள். முகம் கீழே. சின்ன வயதில் பால்டோ எங்கள் தோட்டத்து அத்திமரத்தில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்குவான். நான் கீழே நின்று பார்ப்பேன். தலைகீழான அவன் முகம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். இது அவன் இல்லை. உயிர் இருந்தது, பயம் இருந்தது, ரத்தம் ஏறிய கண் இருந்தது. ஆனால் பால்டோ இல்லை. யாரோ.

மெசேர் அர்ரிகோ விரலை நீட்டிப் பாடம் எடுக்கத் தொடங்கினார். "பாருங்க, அந்த நெத்தி குறுகி இருக்கு. பேராசை. மூக்கு நுனி வளைஞ்சிருக்கு. நன்றி கெட்டவன். தாடை அடியில பள்ளம். இந்த மாதிரி தாடை பொய் தவிர வேறொண்ணும் பேசாது." பக்கத்தில் நின்ற நூத்தோ தலையைத் தலையை ஆட்டினான். அவர் கோஸ்தான்சாவின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒரு பொட்டு ஜாடை கிடையாது! சம்பந்தியம்மா, நான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."

"சந்தேகப்படறது தப்பில்லீங்க," என்றேன்.

திருநாளில் மோதிரம் மாற்றினோம். கோடை முடிவதற்குள் கோஸ்தான்சா அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த முகம் யாருடையது? ஜாடை பிடிப்பதில் ஊரிலேயே முதல் ஆள், இல்லாத முகத்தை எப்படி இவ்வளவு உயிரோடு கொண்டுவந்தான்? ஒருவேளை அவன் வரையவே இல்லையோ என்று ஒரு நாள் நினைப்பேன். சபையோடு சேர்ந்து இன்னும் ஏதோ சூழ்ச்சி வைத்திருக்கிறானோ என்று மறுநாள் நினைப்பேன். அவனும் கடைப்பக்கமே வரவில்லை.

இலையுதிர் காலத்து முதல் பெரிய மழை விட்டதும் சந்தையிலிருந்து சதுக்கம் வழியாக வந்தேன். சபைச் சுவருக்குக் கீழே தரை குழிந்திருக்கும். அதில் தண்ணீர் தேங்கி நின்றது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டப் போனவள் அப்படியே நின்றேன். சுவரில் தலைகீழாகத் தொங்கியவன் தண்ணீரில் நேராக நின்றுகொண்டிருந்தான். குறுகிய நெற்றி, வளைந்த மூக்கு, பள்ளம் விழுந்த தாடை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

நூத்தோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கூடையிலிருந்த முட்டைக்கோஸ் உருண்டு தண்ணீரில் விழுந்தது. முகம் கலைந்தது, மறுபடி கூடியது. சதுக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மழைக்குப் பயந்து யாரும் வெளியே வரவில்லை. காலால் அந்தத் தண்ணீரை எத்தி எத்திக் கலக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். லாப்போவை அனுப்பி நூத்தோவை வரச்சொன்னேன்.

வந்தான். கழுத்தை மறைக்கிற தாடி. இந்த ஊரில் கிரேக்கப் பண்டிதர்களைத் தவிர யாரும் தாடி வைப்பதில்லை.

"தாடி எதுக்குப்பா?"

"கிரேக்கம் படிக்கலாம்னு இருக்கேன்க்கா."

"மழைத் தண்ணில உன்னைப் பார்த்தேன்," என்றேன்.

அவன் உரல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "தண்ணியை நான் யோசிக்கவே இல்ல," என்றான்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"நீ அந்த மலை ஊர்க்காரன்தானே, காவல் தலைவனைப் பார்த்திருப்பியேன்னு சபையில கேட்டாங்க. பார்த்ததே இல்ல. ஆனா இல்லேன்னு சொன்னா வேற எவனாவது வருவான், அவன் நேரா உங்களைத் தேடி வருவான். அதான் பார்த்திருக்கேன்னு சொல்லிட்டேன். முட்டை முகம் போட்டா ஒத்துக்க மாட்டாங்க, உயிர் வேணும்னாங்க. எனக்கு உள்ள ஆளைப் பார்த்தாத்தான் வரும்க்கா, சும்மா வராது. உங்க முகத்தை ஒரு தடவை நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டா, அதுல எதுவும் வந்துடாம நாலு பேரைக் கலந்து போட்டிருப்பேன். இருபது வருஷமா உங்களைக் கடைப் பின்பக்க இருட்டுலதான் பார்த்திருக்கேன், இப்ப பார்க்கலாம்னா நீங்க மூக்குக்கு மேல துணியை எடுக்கல. எது உங்க அண்ணன் மூக்கு, எது இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிச்சயமா அவர் மூக்கு இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு மூக்குதான். முகம் பார்க்கிற கண்ணாடி ஒண்ணு வாங்கிப் பலகைக்குள்ள மாட்டி, என்னையே பார்த்து வரைஞ்சேன்."

கண்ணாடியில் பார்த்து இடம் வலமாக மாறிப்போன முகத்தை மழைத் தண்ணீர் மறுபடி சரியாக்கிவிட்டிருந்தது.

"என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தேன். மிளகு வந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "எங்களுக்காக எதுக்குடா இவ்வளவு? நாங்க உனக்கு என்ன பண்ணிட்டோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அந்தக் கோட்டைக்குள்ள எங்கம்மா இருந்தா. நாக்கு கறுத்துப்போய்க் கிடந்தாளாம். உங்கண்ணன் கதவைத் திறந்துவிட்டு, கடைசி ஆள் வெளிய போற வரைக்கும் அங்கேயே நின்னாராம். போறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், ஃபுளோரன்ஸ் போனா மருந்துக்கடையில என் தங்கச்சி தியனோராகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்கன்னாராம்." தாடியைச் சொறிந்தான். "அம்மா எங்கிட்ட சொன்னா. எனக்குத்தான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, எலிசபெத்துன்னு உளறிட்டேன்."

அந்த வார்த்தை ஈஸ்டரிலிருந்து என் கடை வாசலிலேயே நின்றிருக்கிறது. நான்தான் துணியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாப்போ வந்து என்னவென்று கேட்கும்வரை அழுதேன். பிறகு எழுந்து மேல்தட்டிலிருந்து கடல் கடந்து வந்த நல்ல நீலத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். "மடத்துச் சுவத்துல வெங்காயத்தை எடுத்தாச்சாம். நாளைக்கு வா. முகம் காட்டறேன்," என்றேன்.

அன்றிலிருந்து மழை விட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போகிறேன். சுவரடியில் தேங்கின தண்ணீரைச் சாக்கடை வரை தள்ளிவிட்டுத்தான் வருவேன். மருந்துக்கடைக்காரிக்கு மூளை பிசகிவிட்டது என்கிறார்கள். இல்லை, அண்ணன் பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்கிறார்கள். ஒருவன் என் காலடியில் துப்பிவிட்டுக்கூடப் போனான். அதையும் சேர்த்துத் தள்ளினேன்.

போன வாரம் மெசேர் அர்ரிகோ அந்தப் பக்கம் வந்தார். புது சிவப்பு அங்கி, கக்கத்தில் புத்தகம். "நல்ல காரியம் பண்றீங்க சம்பந்தியம்மா," என்றவர் குனிந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். "இருங்க. தள்ளாதீங்க. இந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே?"

ஓங்கி ஒரு தள்ளு தள்ளினேன். சேறும் தண்ணீரும் இடுப்பு வரை அவர் அங்கியில் அடித்தது. புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"எங்க பார்த்திருப்பீங்க, ஏதாவது புத்தகத்துலதான் பார்த்திருப்பீங்க," என்றேன்.

அங்கியை உதறிக்கொண்டே போனார். தெருமுனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார், என்னை இல்லை, சுவரை. மிச்சத் தண்ணீரைத் தள்ளி முடித்துவிட்டு வானத்தைப் பார்த்தேன். இன்னும் மழை வரும்போல இருந்தது.